பூம்புகார்க் கடலடியில் ஒரு குதிரைலாடம்: பிள்ளைகளுக்கு என்ன சொல்லப் போகின்றோம்?



கடந்த மாதம் எங்கள் வகுப்புப் பெற்றோர்களின் புலனக் குழுவில் ஒருவர் ஒரு காணொலியை அனுப்பியிருந்தார். பூம்புகாருக்கு அப்பால் கடலடியில் 15,000 ஆண்டுப் பழைமை வாய்ந்த தமிழர் துறைமுக நகரம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்பது அதன் சாரம். நீல நிறத்தில் கடலடி, அதில் தூண்கள், மண்டபங்கள், பின்னணியில் உருமி மேளம். எல்லாம் கணினியில் வரைந்த படங்கள். “டீச்சர், இதனைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள். பாடநூலில் இதெல்லாம் வராது” என்று கீழே எழுதியிருந்தார். சிறிது நேரத்தில் பலரும் கைகூப்பிய படங்களை இட்டு வழிமொழிந்தனர்.

நான் மட்டும் இரண்டு நாள்கள் மறுமொழி எழுதவில்லை. அந்தப் பெற்றோரின் ஆர்வத்தை நான் மதிக்கின்றேன். தம் பிள்ளை தமிழன் என்ற பெருமிதத்தோடு வளரவேண்டும் என்று விரும்புவதில் என்ன தவறு? எனினும், எழுதக் கை வரவில்லை. அதற்குக் காரணம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு நிகழ்ச்சி.

அப்பொழுது நான் ஆசிரியர் பயிற்சியை முடித்து வேலைக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மாவட்ட அளவிலான பேச்சுப் போட்டிக்கு ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியை ஆயத்தப்படுத்தும் பொறுப்பு எனக்குக் கொடுக்கப்பட்டது. தலைப்பு, தமிழரின் தொன்மை. இணையத்தில் ஒரு பக்கத்தையும் ஒரு வார இதழையும் வைத்துக்கொண்டு நானே உரையை எழுதினேன். ‘பூம்புகார்க் கடலடியில் 11,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட நகரம் இருப்பதை அறிவியலாளர்கள் மெய்ப்பித்துவிட்டனர்’ என்பது அவ்வுரையின் உச்ச வரி. அவ்விடத்தில் வலக்கையை உயர்த்தவேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அவள் அருமையாகப் பேசினாள். பேசி முடித்ததும் நடுவர்களுள் ஒருவர், ஓய்வு பெற்ற முதியவர், மிகவும் அன்பாக ஒரு கேள்வி கேட்டார். “அம்மா, கடலுக்குள் போய்ப் பார்த்தவர்கள் அங்கிருந்து என்ன எடுத்து வந்தார்கள்?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது வேனில் என் பக்கத்தில் அமர்ந்திருந்தவள் மெதுவாகக் கேட்டாள்: “டீச்சர், அது உண்மைதானே?”

“உண்மைதான் அம்மா. நடுவருக்குத் தெரியவில்லை” என்றேன்.

தெரியாதிருந்தது எனக்குத்தான். அன்று சொல்லத் தவறிய விடையைப் பின்னாளில் சிறிது சிறிதாகப் படித்து அறிந்தேன். அதனை இங்கே எழுதி வைப்பது என் கடமை என்று கருதுகின்றேன்.

கடலடியில் கண்டது என்ன?

இந்தியாவின் கோவா மாநிலத்தில் தேசியக் கடலாய்வு நிறுவனம் என்றோர் அமைப்பு உள்ளது. அதில் கடல்சார் தொல்லியல் பிரிவைத் தொடங்கி வளர்த்தவர் அறிஞர் எஸ். ஆர். ராவ். குசராத்தில் லோத்தல் என்ற சிந்துவெளித் துறைமுக நகரை அகழ்ந்தவர் என்று உலகம் அவரை அறியும். அவருடைய வழிகாட்டுதலில் துவாரகைக் கடலிலும் பூம்புகார்க் கடலிலும் ஆய்வுகள் நடைபெற்றன.

1991-ஆம் ஆண்டில் பூம்புகார், தரங்கம்பாடிக் கடற்பகுதியில் அந்த ஆய்வுக் குழுவினர் ஒலியலைக் கருவியைக் கொண்டு கடலடியைத் துழாவியபொழுது, கரையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரைலாடம் போன்ற ஒரு வடிவம் பதிவாகியது. பின்னர் முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்த்தனர். 1993-இலும் ஒருமுறை பார்வையிட்டனர். சுற்றளவு மொத்தம் ஏறத்தாழ 85 மீட்டர். உயரம் 1 முதல் 2 மீட்டர். இரு கைகளுக்கும் இடையே ஏறத்தாழ 13 மீட்டர் இடைவெளி. ஒரு கை மற்றொன்றைக் காட்டிலும் நீளம். மேலே கடல்வாழ் உயிரினங்கள் தடிமனாகப் படர்ந்திருந்தன. நடுவில் வண்டல் படிந்திருந்தது. சில இடங்களில் கற்களை வரிசையாக அடுக்கிக் கட்டியது போன்ற தோற்றம் தென்பட்டதாகவும் அக்குழுவினர் குறித்தனர்.

இவ்வளவுதான் கண்டது. இது சிறிய செய்தி அன்று. கலங்கிய நீரில், கை நீட்டினால் விரல் தெரியாத இடத்தில் இறங்கி அளந்து வந்தவர்களின் உழைப்பு அது. ஆனால், அவர்கள் நகரத்தைக் கண்டோம் என்று சொல்லவில்லை. ஓர் அமைப்பைக் கண்டோம் என்றுதான் சொன்னார்கள்.

இங்கே ஒலியலைக் கருவி எப்படி வேலை செய்கின்றது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. மீன் போன்ற நீண்ட உருளை ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கப்பலுக்குப் பின்னால் இழுத்துச் செல்வார்கள். அது இருபுறமும் ஒலியை அனுப்பும். கடினமான பரப்பில் பட்ட ஒலி வலுவாகத் திரும்பும். மென்மையான சேற்றில் பட்ட ஒலி மங்கித் திரும்பும். மேடான பொருளுக்குப் பின்னால் ஒலி எட்டாத இடம் நிழலாகப் பதிவாகும். அந்த நிழலின் நீளத்தைக் கொண்டு உயரத்தைக் கணிப்பார்கள். ஆகவே, அக்கருவி ஒரு பொருளின் வடிவத்தைச் சொல்லும். ஓரளவு கடினத்தையும் சொல்லும். அதனை மனிதன் கட்டினானா, இயற்கை வார்த்ததா என்று சொல்லாது. அது சுவரில் விழுந்த நிழலைப் பார்ப்பது போன்றது. நிழல் யானையைப் போல் இருக்கலாம். நிழலுக்கு உரியது இரண்டு கைகளாகவும் இருக்கலாம்.

11,000 என்ற எண் எங்கிருந்து வந்தது?

நான் எழுதிய உரையின் உச்ச வரி இங்கேதான் சரிகின்றது.

2001-இல் பிரிட்டனைச் சேர்ந்த எழுத்தாளர் கிரகாம் ஹான்காக், தொலைக்காட்சிக் குழுவினருடன் வந்து, தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் துணையோடு அவ்விடத்தில் முக்குளித்தார். 2002-இல் அவருடைய நூலும் தொலைக்காட்சித் தொடரும் வெளிவந்தன. டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் கடல்மட்ட மாற்றங்களை ஆராய்ந்த அறிஞர் கிளென் மில்ன் தந்த கணக்கு அதில் இடம்பெற்றது. இன்று 23 மீட்டர் ஆழத்தில் இருக்கும் அந்த நிலம் ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் கடலுக்குள் போயிருக்கும் என்பது அக்கணக்கு.

கணக்கு நியாயமானதே. உறைபனிக் காலம் உச்சத்தில் இருந்த 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகக் கடல்மட்டம் இன்றைக்கு ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பனி உருக உருகக் கடல் ஏறியது. எனவே, ஓரிடத்தின் ஆழம் தெரிந்தால் அது எப்பொழுது மூழ்கியது என்று தோராயமாகச் சொல்ல முடியும்.

ஆனால், அந்த எண் எதனுடைய வயது? நிலம் மூழ்கிய காலம் அது. அதன்மேல் இருக்கும் அமைப்பின் வயது அன்று. அந்த அமைப்பு மனிதன் கட்டியது என்று முதலில் மெய்ப்பித்தால்தான், நிலம் மூழ்குவதற்கு முன் கட்டியிருக்கவேண்டும் என்று அடுத்த படிக்குப் போகலாம். முதற்படியில் கால் வைக்காமல் இரண்டாம் படிக்குத் தாவினால், எண் மட்டும் மிஞ்சும், சான்று மிஞ்சாது. இன்னொன்றும் உண்டு. காவிரி கொண்டு வந்து கொட்டும் வண்டலின் பாரத்தால் கழிமுக நிலம் தானாகவே அமிழும் இயல்புடையது. அவ்வாறாயின், கடல்மட்டக் கணக்கும் அவ்விடத்திற்குத் திருத்தம் வேண்டுவதாகும்.

ஆக, 11,000 ஆண்டு என்பது அங்கிருந்து எடுத்து வந்த ஒரு பானை ஓட்டையோ, கரித்துண்டையோ, செங்கல்லையோ ஆய்ந்து பெற்ற காலம் அன்று. அந்த நடுவர் கேட்டது இதைத்தான். “என்ன எடுத்து வந்தார்கள்?”

2023-இன் தொடக்கத்தில் திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடலடி நில அமைப்பின் வரைபடங்களை ஆராய்ந்து, பூம்புகார் முதலில் இன்றைய கரைக்கு வெகு தொலைவில் கடலுக்குள் இருந்திருக்கலாம், அதன் தொன்மை 15,000 ஆண்டாகலாம் என்ற கருத்தை முன்வைத்தார்கள். அந்தக் காணொலியின் ஊற்று இதுவே. இதுவும் வரைபடத்தில் தெரிந்த வடிவங்களையும் கடல்மட்டக் கணக்கையும் அடிப்படையாகக் கொண்ட கருத்தே ஆகும். கருத்தை முன்வைப்பது ஆய்வாளரின் உரிமை. அவ்வாறுதான் ஆய்வு வளரும். ஆனால், ‘இருக்கலாம்’ என்று அவர்கள் எழுதியது நம் புலனக் குழுவை அடைவதற்குள் ‘இருக்கிறது’ என்று ஆகிவிடுகின்றது. இருபது ஆண்டுகளில் எண் 11,000-இலிருந்து 15,000-ஆக வளர்ந்திருக்கின்றது. சான்று அவ்வளவு வளரவில்லை.

வேறோர் கடலில் நடந்த கதை

கடலடியில் ஒழுங்கான வடிவம் இருந்தால் அது மனிதன் செய்ததாகத்தானே இருக்கவேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். பெரியவர்களும் கேட்கின்றார்கள். இதற்கு விடையாக அட்லாண்டிக் பெருங்கடலில் நடந்ததைச் சொல்லலாம்.

1968 செப்டம்பர் மாதத்தில் பகாமாசு நாட்டின் பிமினித் தீவுக்கு அருகில், 5 மீட்டருக்குச் சற்றே மிகுந்த ஆழத்தில், பெரிய பெரிய கற்பாளங்கள் பாதை பாவியதுபோல் ஏறத்தாழ 800 மீட்டர் நீளத்திற்கு வரிசையாகக் கிடப்பதை முக்குளிப்பவர்கள் கண்டனர். கற்கள் பெரும்பாலும் செவ்வக வடிவம், ஓரங்கள் உருண்டவை. ‘மூழ்கிப்போன அட்லாண்டிசு நகரத்தின் சாலை இதுவே’ என்று செய்தி பரவியது. அட்லாண்டிசின் ஒரு பகுதி 1968-இலோ 1969-இலோ மீண்டும் எழும் என்று எட்கர் கேசி என்ற அமெரிக்கர் முன்னரே குறி சொல்லியிருந்ததும் அதற்குத் துணையாயிற்று.

நிலவியலாளர்கள் அங்கே சென்று கற்களைத் துளையிட்டு உட்கருவை எடுத்தார்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யூஜின் ஷின் அவர்களுள் முக்கியமானவர். கல்லின் உள்ளே மணல் படிந்த அடுக்குகள் தெரிந்தன. ஓரிடத்தில் வெட்டி வேறோரிடத்தில் கொண்டுவந்து அடுக்கிய கற்கள் என்றால், ஒவ்வொன்றிலும் அடுக்குகள் வெவ்வேறு திசையில் சாய்ந்திருக்கவேண்டும். அங்கே அவை ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குத் தொடர்ந்து சென்றன. வெட்டி வைத்த கற்கள் அல்ல. ஒரே பாறை இருந்த இடத்திலேயே வெடித்துப் பிளந்தது என்பது தெளிவாயிற்று.

இதற்குக் கடற்கரைப் பாறை என்று பெயர். வெப்பநாட்டுக் கடற்கரையில், அலை ஏறி இறங்கும் இடத்தில், மணலையும் கிளிஞ்சல் துகளையும் நீரில் கரைந்த சுண்ணாம்பு ஒட்டிக் கல்லாக்கிவிடும். சிமெண்டு இறுகுவது போலத்தான். பின்னர் அடியில் மணல் அரிக்கப்படும்பொழுது அது பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்புகள் நேர்கோட்டில் செல்வதால் யாரோ அளந்து வெட்டியதுபோல் தோன்றும்.

சப்பானின் யோனகுனித் தீவுக் கடலிலும் படிக்கட்டு போன்ற பெரும் பாறை அமைப்பு ஒன்று 1980-களில் கண்டறியப்பட்டது. அதனை மனிதர் செதுக்கியது என்று கடல் நிலவியல் பேராசிரியர் மசாக்கி கிமுரா வாதிட்டார். நேரில் முக்குளித்துப் பார்த்த அமெரிக்க நிலவியலாளர் இராபர்ட் ஷோக், மணற்பாறை தன் இயல்பான வெடிப்புக் கோடுகளின் வழியே உடைந்ததால் உண்டான வடிவம் என்றார். அடுத்த கரையிலுள்ள பாறைகளிலும் அதே வகைப் படிகள் இருப்பதை அவர் சுட்டிக் காட்டினார்.

பூம்புகாரின் குதிரைலாடமும் இயற்கையானதே என்று நான் முடிவு கட்டவில்லை. அங்கே அத்தகைய துளையாய்வின் முடிவு நம் கையில் இல்லாதபொழுது, அப்படிச் சொல்வதும் தாவுதலே ஆகும். வடிவம் ஒன்றே சாட்சியாகாது என்பதைத்தான் பிமினி நமக்குக் கற்றுத் தருகின்றது.

கரையில் இருப்பதைக் காணாமல்...

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. கடலடியில் இருக்கக்கூடிய நகரத்தைப் பற்றி என் மாணவிக்குப் பேசக் கற்றுக் கொடுத்த நான், கரையில் உண்மையாகவே அகழ்ந்து எடுத்த பூம்புகாரைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. ஏனெனில், எனக்கே அது தெரியாது!

1960-களில் இந்தியத் தொல்லியல் துறையினர் பூம்புகாரை ஒட்டிய கீழையூரில் அகழ்ந்தபொழுது, செங்கல்லால் கட்டிய படகுத்துறை ஒன்று வெளிப்பட்டது. படகுகளைக் கட்டுவதற்கு நட்ட மரத்தூண்களும் இருந்தன. அம்மரத்தைக் கதிரியக்கக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தியதில், கிறித்து பிறப்பதற்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்கு முற்பட்டது எனத் தெரிந்தது. வானகிரியில் நீர்த்தேக்க அமைப்பு, பல்லவனேசுவரத்தில் புத்தமத விகாரமும் கல்லில் செதுக்கிய புத்தர் பாதமும், சுடுமண் உறைகிணறுகள், கருப்பு சிவப்பு மட்கலங்கள். கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடற்பகுதியிலும் பானை ஓடுகளும் செங்கல் கட்டுமான எச்சங்களும் கிடைத்தன.

கிரேக்க நிலநூலார் தாலமி தம் நூலில் இத்துறைமுகத்தைக் குறித்திருக்கின்றார். பட்டினப்பாலை இதன் கடைத்தெருவில் வந்து குவிந்த பொருள்களைப் பட்டியலிடுகின்றது. அவற்றுள் காழகத்திலிருந்து வந்தவையும் உண்டு. காழகம் என்பது கடாரம் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பொருள் கூறுகின்றார். கடாரம் எது? நம் கெடா மாநிலம்தான்! சுங்கைப்பட்டாணியில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு இதைக் காட்டிலும் நெருக்கமான செய்தி உண்டோ?

பூம்புகாரைக் கடல் கொண்டது என்பதும் வெறும் கதை என்று ஒதுக்கத் தக்கதன்று. சோழ மன்னன் தன் மகனைக் கடலில் இழந்த துயரில் இந்திர விழாவை மறந்தான். அதனால் மணிமேகலா தெய்வத்தின் சாபம் நேர்ந்து நகரைக் கடல் கொண்டது என்று மணிமேகலைக் காப்பியம் கூறுகின்றது. அக்கரையில் கடல் உண்மையாகவே நிலத்தைத் தின்றுகொண்டிருக்கின்றது. அருகிலுள்ள தரங்கம்பாடியில், 1306-இல் பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியை அலைகள் கொண்டுபோய்விட்டன. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அதே கரையைத் தாக்கியது. அன்று பினாங்கிலும் கெடாவிலும் நம் மக்கள் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. கடல்கோள் என்ற சொல் நம் முன்னோர்க்கு வெறும் கற்பனை அன்று, பட்ட அனுபவம். ஆனால், 2,000 ஆண்டுகளுக்கு முந்திய துறைமுகத்தைக் கரையரிப்பு விழுங்கியது வேறு. 11,000 ஆண்டுகளுக்கு முன் பனி உருகிக் கடல் ஏறியது வேறு. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டுவதால்தான் குழப்பம் நேர்கின்றது.

நம் காலடியிலும் ஒரு மூழ்கிய நிலம்

மூழ்கிய நிலம் என்றால் பிள்ளைகளின் கண்கள் விரியும். அந்த வியப்பை நாம் கொல்ல வேண்டியதில்லை. உண்மையான வியப்பு நம் வீட்டு வாசலிலேயே இருக்கின்றது.

20,000 ஆண்டுகளுக்கு முன், மலாயாத் தீபகற்பம், சுமத்திரா, சாவகம், போர்னியோ யாவும் ஒரே நிலமாக இணைந்திருந்தன. நாம் படகில் கடக்கும் மலாக்கா நீரிணையின் பெரும்பகுதி அன்று தரை. பினாங்குத் தீவு அன்று தீவே அன்று, ஒரு மலை. தென்சீனக் கடலடியில் அக்காலத்து ஆறுகள் ஓடிய பள்ளத்தாக்குகள் இன்றும் இருக்கின்றன. டச்சு நிலவியலாளர் மோலன்கிராஃப் 1921-இலேயே இதைப் பற்றி எழுதினார்.

அக்காலத்தில் இங்கே மனிதர் வாழ்ந்தனரா? வாழ்ந்தனர். அதற்குச் சான்று உண்டு. பேராக் மாநிலம் லெங்கோங்கில், குனோங் ருந்து குகையில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் அறிஞர் சுரைனா மஜீத் தலைமையிலான குழுவினர் ஒரு மனித எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தனர். அதுவே நம் வரலாற்றுப் பாடத்தில் வரும் பேராக் மனிதன். அவன் வயது ஏறத்தாழ 10,000 முதல் 11,000 ஆண்டு. அவன் கண்டெடுக்கப்பட்ட ஆண்டு 1991.

இதைப் படித்தபொழுது நான் சற்று நேரம் அப்படியே அமர்ந்துவிட்டேன். பூம்புகார்க் குதிரைலாடம் பதிவான அதே 1991. உரையில் நான் எழுதிய அதே 11,000. ஒன்றில் எண் மட்டும் இருக்கின்றது. மற்றொன்றில் கால்களை மடக்கிப் படுத்த நிலையில் புதைக்கப்பட்ட ஒரு மனிதன் இருக்கின்றான். அவனைச் சுற்றிலும் கற்கருவிகள், சிப்பிகள், விலங்கு எலும்புகள். பிறவியிலேயே அவனுடைய இடக்கை குறைபாடு உடையது. வேட்டையாடித் திரிந்த ஒரு கூட்டத்தில் அத்தகைய ஒருவன் நடுவயதைக் கடக்கும் வரை வாழ்ந்தான்; இறந்த பின்னர் மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டான். அவனை யாரோ பார்த்துக்கொண்டிருக்கின்றார்கள் என்று நாம் எண்ணிப் பார்க்க முடிகின்றது. “என்ன எடுத்து வந்தார்கள்?” என்று கேட்டால் இங்கே விடை சொல்லலாம். அவன் தமிழன் அல்லன். அதனால் என்ன? சான்று என்றால் எப்படி இருக்கும் என்பதை நம் பிள்ளைகளுக்கு அவனே கற்றுத் தருகின்றான்.

வகுப்பில் செய்தது

இரண்டு நாள்கள் கழித்து நான் அந்தக் காணொலியை வகுப்புக்கே கொண்டு போனேன். ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினேன். வெண்பலகையில் மூன்று கட்டங்களை வரைந்தேன். கண்டது, கணித்தது, கருதியது. காணொலியில் கேட்ட ஒவ்வொரு செய்தியையும் அதற்குரிய கட்டத்தில் எழுதுமாறு சொன்னேன்.

23 மீட்டர் ஆழத்தில் குதிரைலாட வடிவம், கண்டது. கீழையூர்ப் படகுத்துறை, கண்டது. அம்மரத்தின் காலம், கணித்தது. நிலம் மூழ்கிய காலம், அதுவும் கணித்தது. அங்கே நகரம் இருந்தது, கருதியது. தூண்களும் மண்டபங்களும்? ஒரு மாணவன் எழுந்து, “டீச்சர், அதற்குக் கட்டமே இல்லை. அது வரைந்தது” என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். நான்காவது கட்டத்தையும் வரைந்தோம்.

பெருமிதம் குறைந்துபோகுமோ என்று எனக்குள் ஓர் அச்சம் இருந்தது. குறையவில்லை. காழகம் கெடாதான் என்றதும் ஒருத்தி, தன் பாட்டி வீடு மெர்போக்கில் இருப்பதாகவும் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்திற்கு ஒருமுறை போயிருப்பதாகவும் சொன்னாள். மற்றவர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய பெருமை அது.

பின்னர் புலனக் குழுவில் அந்தப் பெற்றோருக்கு மறுமொழி எழுதினேன். பலகையின் படத்தையும் இணைத்தேன். “ஐயா, நீங்கள் அனுப்பியதால்தான் இந்தப் பாடம் நடந்தது, நன்றி. கண்டது எது, கருதியது எது என்று பிள்ளைகளே பிரித்துப் பார்த்தார்கள். உங்கள் மகனிடம் கேளுங்கள், அவன் சொல்வான்” என்று எழுதினேன். இரவு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. முதலில் சற்று வருத்தமாகத்தான் பேசினார். “அப்படியென்றால் நமக்குப் பழைமையே இல்லையா டீச்சர்?” என்றார். கீழையூரைப் பற்றிச் சொன்னேன். சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “இது எனக்கு யாரும் சொல்லவில்லையே” என்றார். எனக்கும் யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இப்பொழுது எழுதுகின்றேன்.

நாளைக்கே பூம்புகார்க் கடலில் ஏதேனும் கிடைக்கலாம். 2025-இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அங்கே கடலடி ஆய்வை மீண்டும் தொடங்கியது. ஒரு செங்கல், ஒரு பானை ஓடு, ஒரு மரத்துண்டு மேலே வந்து அதன் காலம் உறுதியானால், முதலில் மகிழ்பவள் நானாக இருப்பேன். அன்று பலகையில் ஒரு வரியை அழித்துக் ‘கண்டது’ என்ற கட்டத்தில் எழுதிக்கொள்வோம். அதுவரை அது இருக்கவேண்டிய கட்டத்திலேயே இருக்கட்டும்.

அன்று வேனில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த மாணவிக்கு இப்பொழுது முப்பது வயது இருக்கும். பள்ளிக்குச் செல்லும் பிள்ளையும் இருக்கலாம். அந்தப் பிள்ளையின் வகுப்புக் குழுவிலும் இக்காணொலி வந்திருக்கக்கூடும். எங்கே இருக்கின்றாள் என்று எனக்குத் தெரியவில்லை. என்றேனும் இந்தப் பக்கம் அவள் கண்ணில் பட்டால், அவளுக்கு நான் சொல்லவேண்டியது இதுதான்: அம்மா, நீ கேட்டது நல்ல கேள்வி. நடுவர் கேட்டதும் நல்ல கேள்வி. அன்று எனக்கு விடை தெரியாது என்று சொல்லியிருக்கவேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் வகுப்பிலும் இப்படி ஒரு செய்தி வந்திருந்தால், அதனை எப்படிக் கையாண்டீர்கள் என்று எழுதுங்கள். பெற்றோர்களும் எழுதலாம்.